தாத்தா கப்பலேறியது இருக்கட்டும், நீங்கள் என்ன செய்தீர்கள்? விண்ணப்பக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வுகளை முடித்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ இங்கேயே ஒரு உபகாரச் சம்பளத்துக்கோ மனு போடும் நம் பிள்ளைகளின் கட்டுரைகள் வருடா வருடம் என் கைக்கு வரும், பினாங்கில் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள்தான், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தேர்ச்சியில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. கட்டுரையில்தான் சறுக்குவார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில். குடும்பம் இருக்கும், சமுதாயம் இருக்கும், பட்ட கஷ்டமெல்லாம் இருக்கும், எழுதிய ஆளை மட்டும் காணோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு காமன் ஆப் என்ற ஒரே இணையப் படிவம் வழியாக விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு கட்டுரை, 650 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. கொடுக்கும் தலைப்புகளில் ஒன்று உங்கள் பின்னணி, அடையாளம், ஆர்வம், திறமை பற்றியது. நம் பிள்ளைகள் அதைத்தான் எடுப்பார்கள். முதல் பத்தியில் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறுவார். அடுத்ததில் பாட்டி விடியாத நேரத்தில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு பால் மரம் சீவப் போவார். அதற்கடுத்து தோட்டத்தை விற்றுவிடுவார்கள், தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துவிட்டு குடும்பம் பட்டணத்துக்கு வரும். இப்படியே 400 சொல் ஓடிவிடும். கடைசியில் "இவர்களின் தியாகமே என்னை உருவாக்கியது" என்று ஒரு வரி. சரி, எப்படி உருவாக்கியது? அதுதான் இல்லை. படிக்கிறவருக்குப் பாட்டியின் மேல் மரியாதை வரும், ஆனால் இடம் கேட்டு விண்ணப்பம் போட்டது பாட்டி இல்லையே.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பிலேயே, இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு மாணவர் எழுதினால் அதைக் கருத்தில் கொள்ளத் தடை இல்லை, ஆனால் அது அந்த மாணவரின் குணத்தோடோ திறமையோடோ இணைந்திருக்க வேண்டும், அவரைத் தனி ஆளாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆக, 'நான் மலேசியத் தமிழர், எங்கள் சமுதாயம் பின்தங்கியது' என்று எழுதி நிறுத்தினால் போதாது. அதனால் நீங்கள் என்ன செய்தீர்கள், எதை வேறு மாதிரி யோசிக்கிறீர்கள் என்பது வரை போக வேண்டும்.

பிறை என்ற ஊரில் ஒரு பெண். அப்பா லோரி ஓட்டுநர். அவள் எழுதிவந்த முதல் கட்டுரையில் "என் தந்தை கடின உழைப்பாளி, இரவு பகல் பாராமல் உழைப்பவர்" என்று அரைப்பக்கம். பேச்சுவாக்கில் சொன்னாள், படிவம் மூன்றிலிருந்து அப்பாவின் டிரிப் கணக்கை அவள்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாளாம், தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை டிரிப். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாளாம். ஒரு மாதம் டிரிப் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அப்பா "விடும்மா" என்றிருக்கிறார். இவள் விடவில்லை, எந்தெந்தத் தேதி விட்டுப்போனது என்று ஒரு தாளில் எழுதி அப்பா கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். படிக்க விரும்புவது கணக்கியல்! இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "இதெல்லாம் சாதாரணம்தானே அக்கா" என்கிறாள்.

இதுதான் அடுத்த தவறு. பெரிய சம்பவம் ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொள்வது, விபத்து, மரணம், மாநில அளவில் முதல் பரிசு என்று எதையாவது தேடிப்பிடிப்பது. உங்கள் வீட்டில் நீங்கள் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டாக்டர் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்வது, அதிலும் பாட்டி பயப்படாதபடி எதை எப்படிச் சொல்வது என்று அங்கேயே நின்று முடிவெடுப்பது, தம்பியின் பள்ளிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் பேசுவது. தினம் செய்வதால் உங்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

தைப்பூசக் கட்டுரைகள் தனி ரகம். பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலையில் 513 படி, காவடி, அலகு, உறுமி மேளம், மஞ்சள் உடை. சுற்றுலாத் துறை கையேட்டில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, படமும் போட்டிருப்பார்கள். நம் திருவிழாவை வெளியாளுக்குச் சுற்றிக்காட்டும் தொனியில் எழுத ஆரம்பித்தால் உங்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடும். ஒரு பையன் இதே விழாவைத்தான் எழுதினான், ஆனால் தண்ணீர்ப் பந்தலின் பின்பக்கத்திலிருந்து. இராத்திரி இரண்டு மணிக்கு ரோஸ் சிரப் கரைக்கிறான், பந்தலைத் தாண்டிப் பத்தடி தூரம் கப்புகளாகக் கிடக்கிறது, குப்பைத் தொட்டி பந்தலை ஒட்டி இருக்கிறது. ஜனங்கள் நடந்துகொண்டேதானே குடிக்கிறார்கள், குடித்து முடிக்கும் இடத்தில் அல்லவா தொட்டி இருக்க வேண்டும் என்று அவனுக்குப் படுகிறது. மறு வருஷம் தொட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னபோது பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவனே ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுபோய் அங்கே வைத்துக் காட்டியிருக்கிறான். பக்தியும் தெரிந்தது, பையனும் தெரிந்தான்.

மறைப்பதும் ஒரு தவறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களில் பலர் மலாய் பழகுவதற்கான புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போயிருப்பார்கள். விண்ணப்பத்தில் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள், வெட்கம். பிறந்த தேதியைப் பார்த்தாலே ஒரு வருஷம் கூடுதல் என்று தெரிந்துவிடும், அப்புறம் மறைத்து என்ன? மலாய் தட்டுத்தடுமாறிய அந்த வருஷத்தில் யாரிடம் போய்ப் பேசிப் பழகினீர்கள், எந்த நாளில் முதன்முதலாக வகுப்பில் கையைத் தூக்கினீர்கள் என்று இரண்டு மூன்று வரி எழுதினால் போதும். புலம்பலும் வேண்டாம், வீரமும் வேண்டாம்.

கஷ்டத்தைப் பற்றி இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அப்பாவின் குடி, அம்மாவின் நோய், அண்ணன் போலீஸ் கேஸில் மாட்டியது, இதெல்லாம் உங்களுடைய கதை மட்டும் இல்லை. சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள். நம் ஆட்கள் சிறிய வட்டம், உபகாரச் சம்பள நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மாமாவைத் தெரிந்திருக்கலாம். அது போக, எழுதியதை நேர்காணலில் கேட்பார்கள். அழாமல் இரண்டு நிமிடம் பேச முடியாத விஷயம் என்றால் அது இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம், இந்த வருஷம் அதைத் தொடவேண்டாம். படிப்பு பாதிக்கப்பட்டதற்கு விளக்கம் தர வேண்டும் என்றால் காமன் ஆப்பில் சிரமங்களைச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது, விருப்பம் இருந்தால் நிரப்பலாம். நடந்ததை அங்கே சுருக்கமாக, தேதியோடு எழுதிவிட்டுக் கட்டுரையை வேறு விஷயத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஒரே கட்டுரையை எல்லா இடத்துக்கும் அனுப்புவதைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. பிரிட்டனின் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து ஒற்றைக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்துத்தான். ஏன் இந்தப் படிப்பு, படித்ததெல்லாம் உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள், அவ்வளவுதான். அங்கே பாட்டி கதைக்கு இடமே இல்லை, பாடத்தைப் பற்றிப் பேசவேண்டும். உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு சேர்க்கை முறை வேறு கணக்கு, கல்வித் தேர்ச்சிக்கு 90 சதவீதம், புறப்பாடத்துக்கு 10 சதவீதம். அதில் சான்றிதழ்களை அடுக்கலாம். அதே பட்டியலை, சாரணர் இயக்கம், தமிழ் மொழிக் கழகச் செயலாளர், நானூறு மீட்டர் ஓட்டம் என்று கட்டுரைக்குள் கொண்டுவந்து கொட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

இரவல் குரல். கோலாலம்பூரில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா திருத்திக் கொடுப்பார், டியூஷன் வாத்தியார் 'நல்ல' ஆங்கிலம் போடுவார், இப்போது ஏஐ வேறு. இணையத்தில் இருக்கும் மாதிரிக் கட்டுரையை எடுத்து ஊர் பேரை மாற்றுகிறவர்களும் உண்டு. 2007-இல் யூகாஸ் சோதித்துப் பார்த்தபோது மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்களில் 234 பேர், எட்டாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த ரசாயனப் பெட்டியால் தங்கள் பைஜாமாவில் ஓட்டை விழுந்ததாக எழுதியிருந்தார்கள். அத்தனை பேர் பைஜாமாவிலும்! அதற்குப் பிறகு வரும் விண்ணப்பங்களையெல்லாம் மென்பொருளில் போட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள். ஏஐ எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பதை காமன் ஆப் மோசடியில் சேர்த்துவிட்டது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லுங்கள், எங்கே புரியவில்லை என்று கேளுங்கள், வாக்கியத்தை மட்டும் யாரும் மாற்றி எழுத விடாதீர்கள். முடித்ததும் தங்கையிடம் வாசித்துக் காட்டுங்கள். "நீ இப்படியா பேசுவ?" என்று அவள் எந்த வரியில் கேட்கிறாளோ அது உங்கள் வரி இல்லை.

அப்புறம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான், நடுவே மகன், மகள் என்பதைக் குறிக்கும் அ/லெ, அ/பெ. படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பல இடங்களில் மேலே போகவே விடாது, சாய்கோட்டையும் சில படிவங்கள் ஏற்காது. அதனால் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார், கடைசியில் விண்ணப்பம் ஒரு பெயரில், ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு இன்னொரு பெயரில் நிற்கும். கடப்பிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே எல்லாப் படிவத்திலும் போடுங்கள், எந்தக் கட்டத்தில் எதைப் போட்டீர்கள் என்று ஒரு படம் எடுத்து வையுங்கள், விசாவுக்குப் போகும்போது அதே கேள்வி திரும்ப வரும்.