நன்கொடை தருவதற்கு முன் ஐந்து வருடக் கணக்கைக் கேளுங்கள்

ஆடிட்டர் அலுவலகத்தில் டிரஸ்ட் கணக்குகளைப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் சொந்தக்காரர்கள் பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த அமைப்பின் ஐந்து வருட வரவு செலவுக் கணக்கை வாங்கி வாருங்கள். ஒரு வருடக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஒரு தாளில் வருடத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். மொத்த வரவு, சேவைக்கான செலவு, சம்பளம், வருடக் கடைசியில் கையிருப்பு, பயன்பெற்றவர்கள் எத்தனை பேர். கடைசி விவரம் ஆண்டறிக்கையில் இருக்கும். வரவு 10 லட்சம், 12, 13, 15 என்று ஏறும்போது படிக்கும் பிள்ளைகளும் 40, 46, 50, 57 என்று கூடினால் எனக்கு நிம்மதி. வரவு இரட்டிப்பாகியும் பிள்ளைகள் அதே 40 பேர் என்றால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

திடீர் ஏற்றம் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பணம் வந்து குவிந்தது. அதில் நல்ல வேலை நிறைய நடந்தது. அப்படி ஒரு ஏற்றம் தெரிந்தால், அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருடங்களைப் பாருங்கள். பணவரத்து குறைந்த பிறகும் ஆட்கள் வேலையில் இருக்கிறார்களா, ஆரம்பித்த மையம் நடக்கிறதா என்பதுதான் முக்கியம். 2020-21இல் வரவு சரிந்திருந்தால் நான் அதைக் குறையாக எடுப்பதில்லை. கொரோனா காலத்தில் வரவு விழுந்தும் சேவையை நிறுத்தாதவர்கள் மீது மரியாதைதான் கூடும்.

கையிருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறதா? வரிவிலக்கு பெறும் டிரஸ்ட் பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே செலவழிக்க வேண்டும். முடியாவிட்டால் இன்ன நோக்கத்துக்கு என்று வருமான வரித் துறைக்குப் படிவத்தில் சொல்லி ஐந்து வருடம் வரை சேர்க்கலாம். அந்த நோக்கம் என்ன என்று கேளுங்கள். கட்டடம் என்றால் எங்கே, எந்த அளவில் நிற்கிறது என்றும் கேளுங்கள்.

வளர்ச்சியின் வேகத்துக்கு நான் மனதில் வைத்திருக்கும் அளவுகோல் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. தேனி 1985, திருநெல்வேலி 1988, கோயம்புத்தூர் 1997, புதுச்சேரி 2003. ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை வருடம் என்று பாருங்கள். கட்டணம் தரும் நோயாளிகளின் பணத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை நடக்கிறது. தொடங்கி மூன்று வருடத்தில் பத்து மாவட்டத்தில் கிளை என்று யாராவது சொன்னால், அங்கே வேலை செய்ய ஆட்களை எப்படிப் பழக்கினார்கள் என்ற கவலைதான் எனக்கு முதலில் வரும்.

வரவில் பெரும்பகுதி ஒரே கம்பெனியிடமிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். அது நின்றால் அடுத்த ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் வராது. ஐநூறும் ஆயிரமுமாகப் பலர் வருடாவருடம் கொடுக்கும் அமைப்புக்கு அந்த ஆபத்து குறைவு.

ரசீது விஷயம் சுலபம். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அமைப்பு தரும் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரி, எல்லாம் திருப்தி என்றால் முதல் வருடம் சின்னத் தொகையாகக் கொடுங்கள். அடுத்த கணக்கு வந்ததும் ஆறாவது கட்டத்தை நிரப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் தொகையைக் கூட்டுங்கள்.