வேறு மாநிலத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? எந்தப் பகுதியில் குடியேறுவது என்று முடிவு செய்வது எப்படி

வேறு மாநிலத்தில் வேலை உறுதியானதும் நாம் முதலில் செய்வது, அலுவலகம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து அதைச் சுற்றி வீடு தேடுவது. நானும் அப்படித்தான் தேடினேன். ஆனால் அந்த அலுவலகத்துக்குப் போகப்போவது ஒருவர்தான், பகல் முழுக்க அந்தத் தெருவிலேயே இருக்கப்போவது மற்றவர்கள்: பிள்ளைகள், வயதான பெற்றோர், தன் வேலையை விட்டுவிட்டு நம்மோடு கிளம்பி வருகிற கணவனோ மனைவியோ. யார் அந்தப் பகுதியில் அதிக நேரம் இருக்கப்போகிறாரோ அவருக்காகத்தான் இடம் பார்க்க வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் படி: ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

விளம்பரம் எதையும் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். மேலே வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும், பக்கவாட்டில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை நேரமும் எழுதி, புது ஊரில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை யார் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார், எதில் போவார், யார் கூடப் போவார் என்று கட்டம் கட்டமாக நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையை எழுதாதீர்கள், அன்று எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

சில கட்டங்கள் நிரம்பாமல் நிற்கும். மகள் மூன்றரைக்குப் பள்ளி விட்டு வருகிறாள், அலுவலகம் ஆறு மணிக்கு முடிகிறது, நடுவில் அவள் யாரோடு இருப்பாள்? சொந்த ஊரில் இந்தக் கட்டத்தைச் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள், அதனால் அப்படி ஒரு கட்டம் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. மாநிலம் மாறும்போது முதலில் அறுந்துபோவது இதுதான். புதுப் பகுதியில் அதை எது ஈடுகட்டும் என்று இப்போதே யோசியுங்கள்: பள்ளியிலேயே மாலை நேரப் பராமரிப்பு, நடந்து போகும் தூரத்தில் நூலகம், வீட்டுக்கு அருகிலேயே ஒருவரின் வேலை, ஏதோ ஒன்று.

தாளைத் திருப்பி, பின்பக்கம் ஒரு மோசமான நாளையும் எழுதுங்கள். பகல் 11 மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வருகிறது, யார் போவார், எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர முடியும்? அப்பாவுக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் 24 மணி நேரமும் அவசரச் சிகிச்சை உள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு? அப்புறம் ஒவ்வொருவரிடமும் "உனக்கு எது இல்லாவிட்டால் அங்கே இருக்கவே முடியாது?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் பெரியவர்கள் "எனக்கு எதுவானாலும் சரி" என்றுதான் சொல்வார்கள். வந்த பதில்களில் மூன்றை மட்டும் எடுத்துக் கட்டாயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிபந்தனை வைத்தால் எந்த இடமும் தேறாது.

இரண்டாம் படி: கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தைப் பாருங்கள்

பழக்கமில்லாத ஊரில் எட்டு கிலோமீட்டர் என்பது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தையும் நாளையும் நாமே கொடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. செவ்வாய் காலை எட்டேகாலுக்கு ஒருமுறை, மாலை ஆறுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது ஒரு நிமிடக் கணக்கைத் தராமல் 25 முதல் 55 நிமிடம் என்று இடைவெளி விட்டுக் காட்டினால், அந்த 55ஐத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் பள்ளி மணி உங்களுக்காகக் காத்திருக்காது.

மனிதர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். போக அரை மணி, வர அரை மணி. அதற்கு மேல் போனால் தூக்கத்திலிருந்தோ பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் எடுத்தாக வேண்டும். ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடுதல் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் அது 160 மணி நேரம், கிட்டத்தட்ட ஏழு முழு நாள். கொஞ்சம் குறைந்த வாடகைக்கு அந்த ஏழு நாளைக் கொடுக்கத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயார் என்றாலும் தவறில்லை, தெரிந்து கொடுக்க வேண்டும் அவ்வளவுதான்.

"ஐந்து நிமிட நடை" என்று விளம்பரத்தில் இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். ஜப்பானில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர்கள் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்றுதான் கணக்குப் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஆனால் அதில்கூட ஏற்றமும் சிக்னலில் நிற்கும் நேரமும் சேராது. திடமான ஒருவரின் நடை அது. நான்கு வயதுப் பிள்ளையோ எழுபது வயது அம்மாவோ அந்த வேகத்தில் நடக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: வீட்டுக்கு முன் பள்ளி

பிள்ளைகள் இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பள்ளியில் இடம், பிறகு அதையொட்டி வீடு. வீடு எல்லாப் பகுதியிலும் கிடைக்கும், நடுக்கல்வியாண்டில் ஒரு குறிப்பிட்ட வகுப்பில் காலியிடம் கிடைக்காது. போனில் கேட்க வேண்டியவை: எங்கள் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா, எந்தத் தெருக்கள் வரை சேர்க்கைக்குத் தகுதி, வயதுக் கணக்கு எந்தத் தேதியை வைத்து, பழைய பள்ளியிலிருந்து என்னென்ன சான்றிதழ் வேண்டும், பாடத்திட்டம் மாறினால் பின்தங்கும் பிள்ளைக்கு என்ன உதவி. ஆட்சிமொழியே வேறாக இருக்கும் மாநிலம் என்றால் அந்த மொழி கட்டாயப் பாடமா, வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு விலக்கு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் வயதும் முக்கியம். அமெரிக்காவில் 1990களில் ஏழைக் குடும்பங்களுக்கு வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவிய ஒரு பரிசோதனைத் திட்டம் நடந்தது. அதில் பங்கேற்ற பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுடைய வருமானத்தை ராஜ் செட்டி, நதானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் கணிசமாக அதிகம் சம்பாதித்தார்கள், அதற்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. நம் நிலைமை வேறுதான், ஆனாலும் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதை: சின்னப் பிள்ளை என்றால் பகுதியின் தரத்துக்காகக் கொஞ்சம் அலையலாம், பதினைந்து வயது என்றால் அவன் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ள எளிதான இடமாகப் பார்க்க வேண்டும், தனியாகப் பேருந்தில் போய்வர முடிகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

நான்காம் படி: உட்கார்ந்த இடத்திலேயே கழித்துக்கட்டுங்கள்

கட்டாயம் என்று குறித்த மூன்றையும் வைத்து வரைபடத்தில் வட்டம் போட்டால் நான்கைந்து பகுதிகள் மிஞ்சும். இப்போது தண்ணீரைப் பாருங்கள். அந்த மாநில அரசு வெளியிடும் வெள்ள வரைபடம் இருந்தால் அது, இல்லையென்றால் நில உயரம் காட்டும் ஏதாவது ஒரு வரைபடம். "நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருடம் அங்கே இருந்தால் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு, நாலில் ஒன்று.

கூகுளின் தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) பழைய வருடப் படங்களையும் பல ஊர்களில் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்கு முன் அந்தத் தெரு எப்படி இருந்தது, கடைகள் கூடியிருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா, மரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்றின் தரம் காட்டும் செயலிகளில் பிஎம் 2.5 (நுரையீரலுக்குள் போகக்கூடிய மிக நுண்ணிய தூசு) அளவை ஒரு நாளுக்கு மட்டும் பார்க்காமல் ஒரு வருடத்துக்குப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். பெரும்பாலான நகரங்கள் அதைத் தாண்டித்தான் இருக்கும், ஆனால் ஒரே நகரத்துக்குள் பகுதிக்குப் பகுதி வித்தியாசம் இருக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த வித்தியாசமே பெரிது.

ஐந்தாம் படி: நேரில் போய் நில்லுங்கள்

இதற்கு மட்டும் செலவைப் பார்க்காதீர்கள். மூன்று நாளாவது அங்கே தங்குங்கள். ஒரே தெருவுக்கு வேலைநாள் காலை எட்டு மணிக்கும், பள்ளி விடும் நேரத்துக்கும், இரவு ஒன்பதுக்கும் போங்கள். மழை பெய்தால் அதிர்ஷ்டம், உடனே கிளம்பிப் போய்ப் பாருங்கள், சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு நீளமாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். புதுப் பூச்சு சுவரின் கீழ்ப் பாதியில் மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் முதல் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தோம். தெரு அமைதி, வெளிச்சமான அறைகள், எதிரே ஒரு சின்னப் பூங்கா, அம்மா நடைக்குப் போகலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பூங்காவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த நான்கு வழிச் சாலையை நான் ஒரு தடையாகவே நினைக்கவில்லை, அதுதான் சிக்னல் இருக்கிறதே. குடிவந்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பச்சை விளக்கு விழுந்தது, அம்மா விளிம்பிலிருந்து ஒரு காலை இறக்கி, மற்றொன்றையும் இறக்கி, நின்று நிதானித்து நடக்க ஆரம்பித்தார். பாதி தாண்டுவதற்குள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், ஒரு வண்டி முன்சக்கரத்தை மெல்ல உருட்டியது, மீதித் தூரத்தை அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு ஓடினேன். அதன் பிறகு அம்மா அந்தப் பூங்காவுக்குப் போகவே இல்லை. "ஜன்னலிலிருந்தே நன்றாகத் தெரிகிறதே" என்பார். ஒன்பது மாதம் ஜன்னலிலிருந்துதான் பார்த்தார்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் என்ற நடைவேகத்தை வைத்துத்தான் சிக்னல் நேரத்தை அமைக்கிறார்களாம். 12 மீட்டர் சாலைக்கு அது 10 நொடி. அம்மாவின் நடைக்கு 15 நொடியாவது வேண்டும். அந்த ஐந்து நொடியை நான் வீடு பார்க்கப் போன அன்றே போனில் அளந்திருக்கலாம்.

அதனால், வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரையே கூட்டிப் போய் நடக்கவிடுங்கள். அவரால் வர முடியாவிட்டால் அவர் வேகத்தில் நீங்கள் நடந்து பாருங்கள்: வாசலிலிருந்து மருந்துக்கடை, மருத்துவர், பேருந்து நிறுத்தம், உட்கார ஒரு பெஞ்சு. நடைபாதை எங்கே முடிந்துபோகிறது, எங்கே படி இறங்க வேண்டும், நிழல் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் போய் நமக்குத் தெரிந்த மொழியில் பேச முடிகிறதா என்பதையும் பாருங்கள். மொழி மாறிய ஊரில் ஒரு பெரியவருக்குத் தன் வலியைச் சொல்ல முடியாமல் போவதைப் போல் கொடுமை வேறில்லை.

யாரிடம் விசாரிப்பது? வீடு காட்டுபவரிடம் வேண்டாம், அவருக்கு வீடு வாடகைக்குப் போனால் போதும். பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடம் கேளுங்கள். "இந்த ஏரியா நல்லதா?" என்று கேட்டால் நல்லது என்றுதான் வரும். "தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? போன மழையில் எது வரைக்கும் தேங்கியது? இருட்டிய பிறகு தனியாக நடந்து வருவீர்களா?" என்று கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். கடைசிக் கேள்வியைப் பெண்களிடம் கேளுங்கள்.

இரவு நேரத்தில் படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். இரவுச் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் பரிந்துரைத்தது. போன் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது, இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும்.

ஆறாம் படி: பணக் கணக்கு

வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வாடகை, பயணச் செலவு, பள்ளி வாகனம், பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டி மாதத் தொகையாக வைத்துப் பாருங்கள். மாநிலம் மாறினால் வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம், வரி, மருத்துவக் காப்பீட்டில் சேரும் மருத்துவமனைகள் எல்லாம் மாறக்கூடும், அதற்கு ஒரு தொகை தனியாக ஒதுக்குங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு, எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஏழாம் படி: முதலில் வாடகைக்கு, அதுவும் குறுகிய காலத்துக்கு

எவ்வளவு ஆராய்ந்தாலும் சில விஷயங்கள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் கழிந்த பிறகுதான் தெரியும். அதனால் சொந்த வீடு வாங்கும் யோசனையை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருக்க வேண்டும், முன்னதாகக் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். இந்த மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் எழுதித்தரச் சொல்லுங்கள்.

குடிவந்து மூன்று மாதம் ஆனதும் அந்தப் பழைய தாளை எடுத்து, எழுதியதும் நடப்பதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். எங்கள் தாளில் அம்மாவின் வரிசையில் காலை ஏழு மணிக்குப் "பூங்கா" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டாவது வீட்டை அதே ஊரில்தான் பார்த்தோம், அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் கூடுதல் தூரம். பூங்கா அங்கே சாலைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது.