மெயின்பிரேம் குழுவை நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஜனவரி 1 முதல் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆனது. 2014-இல் அதை வெள்ளி, சனி என்று மாற்றியிருந்தார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். கோலாலம்பூரில் ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குகளை ஓட்டும் பெரிய கணினியான மெயின்பிரேம் பிரிவில் இருக்கும் எங்களுக்கு, எந்தக் கிளைக்கு எந்த நாள் வேலை நாள் என்று பதினொரு வருடமாக எழுதி வைத்த அத்தனை இடத்தையும் தேடிப் பிடிக்கும் வேலை. விடுமுறை டேபிளைத் திருத்தினோம், சோதித்தோம், எல்லாம் சரியாக ஓடியது. ஒரே ஒரு வட்டிக் கணக்கு மட்டும் ஜொகூர் கிளைகளுக்கு வெள்ளிக்கிழமையை இன்னும் விடுமுறையாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் தேடிய பிறகு கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய புரோகிராமில் நான்கு வரி கிடைத்தது. கிளை எண் இதிலிருந்து இதுவரை இருந்தால் அடுத்த பத்தியைத் தாண்டிப் போ என்று இருந்தது. மேலே ஒரு குறிப்பு, "மெமோ பார்க்கவும்." மெமோ எங்கேயும் இல்லை. அதை எழுதியவர் ஐந்து வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்று சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார். போன் செய்தோம். "தம்பி, மேல் இரண்டு வரியைத் தொடாதே, அது வேற கணக்குக்குப் போட்டது. கீழ் இரண்டை மட்டும் எடுத்துடு" என்றார். மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவர் போவதற்கு முன் இரண்டு வாரம் உட்கார்ந்து நாற்பது பக்க ஹேண்ட்ஓவர் (பொறுப்பு ஒப்படைப்பு) ஆவணம் எழுதித் தந்தவர். அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் நான். எந்த ஜாப் (மெயின்பிரேம் தானாக ஓட்டும் வேலை) எத்தனை மணிக்கு ஓடும், எந்தக் கோப்பை எழுதும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஏன் அப்படி என்பது மட்டும் இல்லை. நான் கேட்கவே இல்லை.

ஓய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹேண்ட்ஓவரைத் தொடங்குவதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. ஆக, யார் எந்த மாதம் போவார் என்பது பல வருடங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கடைசி மாதம் வரை காத்திருக்கிறோம். புரோகிராம் என்ன செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் வரி வரியாகப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படிச் செய்ய வைத்த காரணம் ஆளிடம்தான் இருக்கிறது. அது ஆவணத்தில் இறங்காது. எழுத உட்காரும்போது அது அவருக்கே நினைவுக்கு வராது, சிக்கல் ஒன்று எதிரே நிற்கும்போதுதான் வரும்.

அதனால் இப்போது நாங்கள் வேறு மாதிரி செய்கிறோம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே ஓர் இளையவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். விதி ஒன்றுதான். மூத்தவர் கை கீபோர்டில் படக்கூடாது. வாயால் சொல்லலாம், இளையவர்தான் தட்ட வேண்டும். முதல் மாதம் மூத்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும், பத்து நொடியில் முடிக்கிற வேலைக்கு அரை மணி நேரம் ஆகிறதே என்று. அந்த அரை மணி நேரத்தில் வருகிற கேள்விகளுக்காகத்தான் இவ்வளவும்.

இனி இராத்திரி வேலையைப் பற்றி. இரவில் வரிசையாக ஓடும் ஜாப்களின் தொகுப்பான பேட்ச் நின்றுவிட்டால் யாருக்கு முதலில் போன் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆள். எங்கள் தொழிலில் 'சாக்-செவன்' என்று ஒரு பிழை உண்டு, எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாமல் போனால் வருவது. தொகையை மெயின்பிரேம் இரண்டிரண்டு இலக்கமாக ஒரு பைட்டில் அடுக்கி வைக்கும். கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி இருக்கும். வெளியிலிருந்து வந்த கோப்பில் தொகை காலியாக விடப்பட்டிருந்தால் அங்கே வெற்றிடம் உட்கார்ந்துகொள்ளும். மெயின்பிரேமின் எழுத்துக் குறியீட்டில் வெற்றிடத்துக்கு 40 என்று பெயர். அந்த 4-உம் 0-உம் இலக்கமாகப் பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம், கடைசியில் குறி இருக்க வேண்டிய இடத்தில் 0 நிற்பதை மெஷின் ஒப்புக்கொள்ளாது. கூட்டப் போகிற இடத்திலேயே ஜாப் விழுந்துவிடும்.

அனுபவசாலிக்கு, ஜாப் விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததைக் காட்டும் டம்பைத் திறந்து 404040 என்ற வரிசையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். அந்த ஒரு ரெக்கார்டை ஒதுக்கிவிட்டு ஜாப்பை மறுபடி ஓட்டுவார். காலையில் கிளைகள் திறப்பதற்குள் எல்லாம் தயார். மேலாளர் மின்னஞ்சலில் பாராட்டுகிறார், வருட இறுதியில் போனஸ் தருகிறார். இங்கேதான் தவறு. போன வருடம் அதே மாதிரிக் கோப்பை உள்ளே விடுவதற்கு முன்பே தொகை எண்தானா என்று சோதிக்கும் வரிகளைச் சேர்த்த ஒரு பெண் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் பக்கம் ஜாப் விழுவதே இல்லை. விழாததால் டிக்கெட் (பிழையைச் சரிசெய்ததற்கான பதிவு) இல்லை, டிக்கெட் இல்லாததால் அப்ரைசலில் சொல்ல எதுவும் இல்லை. டிக்கெட் எண்ணிக்கையை வைத்தும் எழுதிய வரி எண்ணிக்கையை வைத்தும் ஆளை அளந்தால் இப்படித்தான் ஆகும். நல்ல கோபோல்காரர் ஒரு மாதத்தில் 300 வரி எழுதுவதைவிட 300 வரியை நீக்குவது பல சமயம் பெரிய வேலை.

இன்னொன்று. இராத்திரி மூன்று மணி வரை விழித்திருந்தவரைக் காலை எட்டரைக்கு மீட்டிங்கில் பார்க்க எதிர்பார்க்காதீர்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஆன்-கால் பட்டியலை மூன்று மாதத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தீபாவளிக்கு மலாய் நண்பர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கும் அப்படியே. மலேசியாவில் ஒரு கலந்த குழுவுக்கு இது கிடைத்த வரம். ஆனால் பட்டியல் எழுத்தில் இல்லையென்றால் எப்போதும் மறுக்கத் தெரியாத ஒருவர் தலையில்தான் விழும்.

2018-ஐ மறக்க முடியாது. மே 9-இல் தேர்தல். மே 16-இல் நிதியமைச்சு, ஜூன் 1 முதல் ஜிஎஸ்டி 6 விழுக்காட்டிலிருந்து பூஜ்யம் என்று அறிவித்தது. இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது வரி விகிதத்தை டேபிளில் வைத்தவர்கள் ஒரு வரியை மாற்றினார்கள். அவசரத்தில் புரோகிராமுக்குள்ளேயே 6 என்று எழுதியவர்கள் தேட ஆரம்பித்தார்கள். எங்களிடம் இரண்டும் இருந்தன. மேலிடம் என்ன செய்தது? வெளியிலிருந்து ஆறு கான்ட்ராக்ட் ஆட்களைக் கொண்டுவந்தது. நல்ல திறமைசாலிகள்தான். ஆனால் எங்கள் கணக்கு எங்கே எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்குச் சொல்லித்தர, தெரிந்த மூன்று பேரும் மூன்று முழு நாள் செலவழித்தார்கள். வேலை செய்ய வேண்டியவர்களே அந்த மூன்று பேர்தான்!

ஐபிஎம் 1964 ஏப்ரல் 7-இல் அறிவித்த சிஸ்டம்/360-தான் இன்றைய மெயின்பிரேம்களின் மூதாதை. அதன் இயங்குதளத்தை உருவாக்கும் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். ஆள் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை, அமைதியான மாதங்களில் சேருங்கள். நெருக்கடியில் செய்ய வேண்டியது, அந்த மூன்று பேர் மேல் இருக்கும் மற்ற வேலைகளை எடுத்துவிடுவது. அறிக்கை, மீட்டிங், சாப்பாட்டுக்கு வெளியே போய் வருவது எல்லாவற்றையும். அந்த இரண்டு வாரமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாழையிலைச் சாப்பாடு கட்டி வாங்கி வந்ததுதான் நான் செய்த உருப்படியான உதவி.

திறமையான புரோகிராமரை மேலாளர் ஆக்குவது ரொம்பப் பழைய தவறு. சம்பளம் கூட வேண்டும் என்றால் பதவி உயர வேண்டும், பதவி உயர வேண்டும் என்றால் ஆட்களை நிர்வகிக்க வேண்டும் என்று ஒரே ஏணியாக வைத்திருக்கிறோம். ஐபிஎம் 1960-களிலேயே 'ஃபெல்லோ' என்ற பதவியை வைத்து, ஆட்களை நிர்வகிக்காமலே ஒரு தொழில்நுட்பக்காரர் உச்சத்துக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டது. நம்மிடம் அந்த அளவு வேண்டாம், இரண்டு படி கூடுதலாக இருந்தாலே போதும். அது இல்லாவிட்டால் சிங்கப்பூர் இருக்கிறது, நம் ரிங்கிட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் மதிப்புள்ள காசோடு. பயிற்சி தந்து, வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கி இரண்டு வருடம் பிடித்துவைக்கலாம். பிடித்துவைத்த ஒருவர் மூத்தவரிடம் 'ஏன்' என்று கேட்பாரா என்பது வேறு விஷயம். நான் பார்த்தவரை கேட்பதில்லை, நாளைத்தான் எண்ணுகிறார்கள்.

பழைய சிஸ்டத்தைப் புதிதாக எழுதும் திட்டம் வந்தால் கோபோல்காரர்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். எப்படியும் போகப்போகிறவர்கள்தானே என்ற எண்ணம். கோபோலில் 'ரவுண்டட்' என்று எழுதாவிட்டால் மிச்சமான தசமம் வெட்டப்படும், மேலே ஏறாது. அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறது, எந்த வரியில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று அறிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் புது சிஸ்டத்தின் கணக்கு சென் சென்னாக விலகும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் நின்றார்கள். பிறகு 2022-இல் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தார்கள். அங்கே காரணங்கள் பல, போதுமான சோதனை இல்லாதது அதில் முக்கியமானது. ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் யார்? கூடத்துக்கு வெளியே நிற்கிறவர்.

கடைசியாக, இளையவர்களைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைப்பது. லைவ் சிஸ்டத்தைத் தொடக்கூடாது, சரி. டெஸ்ட் சிஸ்டத்திலும் அனுமதி தர ஆறு வாரம் ஆகிறது, அதுவும் பார்க்க மட்டும். பிழை செய்யவே வழி இல்லாமல் ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வார்? போன மார்ச்சில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதல் வாரமே டெஸ்டில் முழு அனுமதி வாங்கிக்கொடுத்தோம். எங்கள் மூத்தவர் ஒரு கோப்பில் வேண்டுமென்றே தொகையைக் காலியாக விட்டு, "இந்தாம்மா, ஓட்டு" என்றார். ஜாப் விழுந்தது. பச்சைத் திரையில் அவள் டம்பை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். இருபது நிமிடம் கழித்து அவள் திரும்பி, "அங்கிள், இங்க ஏன் நாற்பது நாற்பதா வருது?" என்று கேட்டாள்.