திருச்சபை ஆண்டின் காலங்களோடு நற்செய்தி கற்பிக்க: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஞாயிறு வகுப்பை முதன்முதலாக ஏற்றுக்கொள்ளும் எவரையும் சனிக்கிழமை இரவு தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: "நாளைக்கு எதைச் சொல்வது?" கைக்கு வந்த கதையை எடுத்துச் சொல்லிவிட்டு வருவோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நோவா நான்கு முறை வந்திருப்பார், லாசரு ஒருமுறைகூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார். விழாக்களையும் காலங்களையும் வரிசைப்படுத்தும் சபை நாட்காட்டியான திருச்சபை ஆண்டைப் பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

படி 1: முதலில் ஈஸ்டரைக் குறியுங்கள்

திருச்சபைக்கு ஆண்டு பிறப்பது கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில், அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிற்றில். ஆனால் திட்டம் போடும்போது அங்கே தொடங்காதீர்கள். மேற்கு மரபுச் சபைகளில் மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். 2027இல் அது மார்ச் 28. அங்கிருந்து 46 நாள் பின்னே எண்ணினால் பிப்ரவரி 10, சாம்பல் புதன்; ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் அன்று தொடங்குகிறது. தவக்காலம் 40 நாள்தானே என்பீர்கள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேராது. ஈஸ்டரையும் சேர்த்து 50ஆம் நாள், மே 16, தூய ஆவி இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே. இந்த மூன்று தேதிகளும் விழுந்துவிட்டால் மீதி தானாக வந்து அமரும்.

படி 2: இது யாருடைய ஆண்டு?

கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் எந்த ஞாயிற்றில் வேதத்தின் எந்தப் பகுதியை வாசிப்பது என்று சொல்லும் மூன்றாண்டு வாசக அட்டவணையை வெளியிட்டது. அதைத் தழுவி 1992இல் வந்த அட்டவணையைப் பல சீர்திருத்தச் சபைகள் பின்பற்றுகின்றன. ஆண்டுக்கு ஒரு நற்செய்தியாளர்: மத்தேயு, மாற்கு, லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது; அவர் பெருவிழாக்களிலும் தவக்காலத்திலும், ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரையிலான பாஸ்கா காலத்திலும் வந்து போவார்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஆண்டின் இலக்கங்களைக் கூட்டி 3ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் மத்தேயு, 2 என்றால் மாற்கு, மீதி இல்லையென்றால் லூக்கா. 2027க்குக் கூட்டுத்தொகை 11, மீதி 2, ஆகவே மாற்கு. ஆனால் அந்தத் திருச்சபை ஆண்டு 2026 நவம்பர் 29 அன்றே தொடங்கிவிடும், மறக்காதீர்கள்.

படி 3: மாட்டுத் தொழுவத்துக்கு ஓடாதீர்கள்

திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும் குழந்தை இயேசுவைப் பற்றியே பேசி, கிறிஸ்துமஸ் அன்று சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றவன் நான். பிறகுதான் அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். முதல் ஞாயிற்றில் பிறப்பே இல்லை; ஆண்டவர் திரும்ப வருவதைப் பற்றி, "விழித்திருங்கள்" என்கிற பகுதி. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான். நான்காவதில்தான் யோசேப்போ மரியாளோ வருகிறார்கள். காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் காலம் இது. நாமே பொறுமையில்லாமல் முந்திக்கொண்டால் எப்படி?

படி 4: எழுவாயைத் தேடுங்கள்

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். பாடத்தின் மையத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதன் எழுவாய் யார் என்று பாருங்கள். "நாம் நல்லவர்களாக இருக்க வேண்டும்" என்றால் அது புத்திமதி. "இயேசு தேடி வந்தார்" என்றால் அது நற்செய்தி. புத்திமதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவதாக வரட்டும்.

மத்தேயு ஆண்டின் தவக்காலத்தில் இதைப் பழகிப் பாருங்கள். மூன்றாம் ஞாயிறு சமாரியப் பெண் (யோவான் 4), நான்காம் ஞாயிறு பிறவியிலேயே பார்வையற்றவர் (யோவான் 9), ஐந்தாம் ஞாயிறு லாசரு (யோவான் 11). தண்ணீர், ஒளி, உயிர். ஈஸ்டரில் திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர்களை ஆயத்தப்படுத்தப் பழங்காலத்திலிருந்தே பயன்பட்ட பகுதிகள் இவை.

சமாரியப் பெண்ணை வைத்து "ஒழுக்கமாக வாழுங்கள்" என்று பாடம் நடத்துவது சுலபம். ஆனால் வாசகத்தில் தாகத்தோடு வந்து முதலில் தண்ணீர் கேட்பவர் இயேசு. அவள் அவரை அழைப்பதைக் கவனியுங்கள்: முதலில் யூதர், பிறகு தீர்க்கதரிசி, கடைசியில் "இவர் கிறிஸ்துவாக இருப்பாரோ?" பார்வை பெற்றவரும் அப்படித்தான் ஏறுகிறார்: "இயேசு என்னப்பட்ட ஒருவர்", பிறகு தீர்க்கதரிசி, பிறகு "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்." கரும்பலகையில் ஏணி வரைந்து, ஒவ்வொரு படியிலும் எந்தப் பெயரை எழுதுவது என்று பிள்ளைகளையே வேதத்தில் தேடச் சொல்லுங்கள். நீங்கள் அதிகம் பேசவே வேண்டியிருக்காது. லாசருவின் வாரத்தில் ஏணி வேண்டாம். இயேசு கண்ணீர் விட்டார் என்ற வசனத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மௌனமாக இருங்கள். வகுப்பில் யாராவது ஒருவர் வீட்டில் இழப்பு நடந்திருக்கும்.

படி 5: ஈஸ்டரை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள்

40 நாள் நோன்பு, 50 நாள் கொண்டாட்டம் என்பதுதான் கணக்கு. நாமோ அடுத்த ஞாயிறே அலங்காரத்தைக் கழற்றிவிடுகிறோம். அந்த இரண்டாம் ஞாயிற்றுக்கு மூன்று ஆண்டுகளிலும், உயிர்த்தெழுந்தவரைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவின் பகுதிதான். "எட்டு நாளைக்குப் பின்பு" என்று யோவான் எழுதியதும் சரியாக அன்றைக்குத்தான் பொருந்தும். சந்தேகப்படுகிற பிள்ளை கேள்வி கேட்க அந்த நாளை விட்டுக்கொடுங்கள்.

படி 6: பொதுக்காலம்

பெந்தெகொஸ்தேக்குப் பிறகு நீளும் மாதங்களில் பெருவிழாக்கள் குறைவு. உவமைகளையும் அற்புதங்களையும் வரிசையாக எடுத்துப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, மாற்கு ஆண்டுக்கு. அது சிறிய நற்செய்தி என்பதால் நடுவில் ஐந்து ஞாயிறுகள் தொடர்ந்து யோவான் 6 வரும்: அப்பம், மறுபடி அப்பம், மறுபடியும் அப்பம். ஐந்தாம் வாரம் வகுப்பு பாதி காலியாக இருந்தால் மனம் தளர வேண்டாம். அன்றைய பகுதியே பலர் அவரை விட்டு விலகிப்போனதைப் பற்றியதுதான்.