ஞாயிறு சாப்பாட்டுக்கு அரிசியை ஒரே உலையில் போடாதீர்கள்

ஆராதனை முடிந்து ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சபையில் சாப்பாடு போடுகிறீர்கள் என்றால், பாதி அரிசியை மட்டும் வடித்துவிட்டு இன்னொரு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வையுங்கள், முதல் பந்தி உட்கார்ந்ததும் வெளியே நிற்கிற தலைகளைப் பார்த்து, கிலோவுக்கு 8 பேர் கணக்கில் மீதி அரிசியைக் களைந்து போடுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுகிறவர்களை நம்பிச் சமைக்க முடியாது, பரீட்சை சமயத்தில் சுத்தமாக முடியாது. உலை தயாராக இருப்பதால் முதல் பந்தி எழுவதற்குள் சோறு வெந்துவிடும், ஆள் குறைந்தால் அரிசி மூட்டையிலேயே இருக்கும். குழம்பை மட்டும் மொத்தமாக வைத்துவிடுங்கள், அது எப்படியும் காலியாகிவிடும். பிரியாணிக்கு இது ஆகாது. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார இடமிருந்தாலும், வேக நேரம் பிடிக்கிற மோட்டா புழுங்கலரிசி என்றாலும் சரிப்படாது.