ஈஸ்கிலஸின் வலையை அறுக்காதீர்கள்

பண்டைய கிரேக்கக் கவிதையை ஆங்கிலத்தில் தருபவர்கள் செய்யும் பெரிய தவறு, உருவகம் ஒரு வரியோடு முடிந்துவிடும் என்று நினைப்பதுதான். கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய, நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தைப் பாருங்கள். டிராய் நகரக் கோபுரங்கள்மீது இரவு வலை வீசியது என்று முதியோர் குழு பாடுகிறது. போர்க்களத்திலிருந்து வந்த செய்திகளெல்லாம் உண்மையானால் என் கணவர் உடம்பில் வலையைவிட அதிகத் துளைகள் இருந்திருக்கும் என்கிறாள், டிராயை வென்று திரும்பிய மன்னன் அகமெம்னானின் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா. டிராயிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட தீர்க்கதரிசி கசாண்ட்ராவின் கண்ணுக்கு, மரணக் கடவுள் ஹேடீஸின் வலை தெரிகிறது. கடைசியில் கிளைட்டம்னெஸ்ட்ரா கணவனைக் கொன்றுவிட்டு வந்து, மீனுக்கு வீசுவதுபோல் வீசினேன் என்கிறாள். அவள் வீசியது ஓர் அங்கி! டிராயை வளைத்த வலையில் டிராயை வென்றவனே சிக்குகிறான்.

ஈஸ்கிலஸும் மீன்வலை, வேட்டைவலை என்று பெயரை மாற்றுகிறார்தான். ஆனால் எல்லாமே வலை. நடை அழகுக்காக ஓரிடத்தில் பொறி, இன்னோரிடத்தில் திரை என்று மொழிபெயர்த்தால் இந்தக் கொலைக்கு முன்கூட்டியே நடந்த ஏற்பாடு கண்ணில் படாது.

அடுத்த தவறு, உருவகத்தை வெறும் உரைநடையாக்கிவிடுவது. அதே நாடகத்தில் போர்க்கடவுள் ஏரீஸ், உடல்களை வாங்கிப் பொன் மாற்றும் வணிகன். ஈட்டிகள் மோதும் இடத்தில் தராசு பிடித்து நிற்கிறான். ஆள்களை வாங்கிக்கொண்டு சாம்பல் நிறைந்த தாழிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். அந்தச் சாம்பலுக்கு ஈஸ்கிலஸ் இட்ட 'ப்ஸேக்மா' என்ற சொல் பொன் துகளையும் குறிக்கும். அதைக் கனமானது என்றும் சொல்கிறார். பொன் என்றால் அந்தக் கனம் எடை, தாழியை வாங்கிக்கொண்ட வீட்டாருக்கோ துயரம். 'போர் பல உயிர்களைக் குடித்தது' என்ற அளவில் ஆங்கிலமாக்கினால் தராசும் போகும், குத்தலும் போகும்.

நாடகத் தொடக்கத்தில் காவலாளி, நாக்கின்மேல் பெரிய எருது ஏறி நிற்கிறது என்று சொல்லிப் பேச்சை நிறுத்துகிறான். இங்கே பழகிய ஆங்கில மரபுத்தொடர் ஒன்றைப் போட்டு எருதை ஓட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரணக் காவலாளியின் வாயில் அந்த எருதுதான் இயல்பு.

ஒடிசி காவியத்தின் கவி ஹோமர் விஷயம் வேறு. 'ரோஜாவிரல் வைகறை' அவரிடம் திரும்பத் திரும்ப வரும் அடைமொழி. 2017இல் வெளிவந்த தம் ஒடிசி மொழிபெயர்ப்பில் எமிலி வில்சன் அதை இடத்துக்கு இடம் வேண்டுமென்றே மாற்றினார். படிக்கச் சலிப்பில்லை. ஆனால் பின்னாளில் கிரேக்கப் பெண்கவி சாஃபோ அதே அடைமொழியை நிலவுக்குச் சூட்டுகிறார். அந்தத் துணிச்சலை ரசிக்க, ஹோமரில் அது மாறாமல் ஒலித்திருக்க வேண்டும்.