வல்புரோயேட்டிலிருந்து லாமோட்ரிஜினுக்கு: குளிசை மாற்றும் முறை

வலிப்புக் குளிசையை மாற்றும்போது இடறுவது இரண்டும் சேர்ந்திருக்கும் காலத்தில்தான். லாமோட்ரிஜினை ஈரல் கழித்து வெளியேற்றுவதை வல்புரோயேட் தடுக்கிறது. அதனால் சின்ன அளவும் இரத்தத்தில் இரட்டிப்பாகத் தங்கும்.

முதலில், கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லாக் குளிசை அட்டைகளையும் டொக்டரிடம் காட்டுங்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை லாமோட்ரிஜினின் இரத்த அளவை ஏறத்தாழப் பாதியாக்கும். கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமென்று தெரிந்தால் தானாக எதையும் நிறுத்தாமல் உடனே டொக்டரைப் பாருங்கள்.

அடுத்தது தொடக்கம். வல்புரோயேட் போடும் வளர்ந்தவருக்கு வழமை: முதல் இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம், பிறகு இரண்டு கிழமை தினமும் 25. அதன்பின் கூட்டுவது டொக்டர் எழுதித் தருவதுபோல. வல்புரோயேட் இல்லாதவருக்கு, கார்பமசெப்பீன் என்ற இன்னொரு வலிப்புக் குளிசை போடுபவருக்கு எல்லாம் கணக்கு வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் அளவைப் பார்த்துப் போடாதீர்கள்.

'ஒற்றைத் திகதியில் போடுவோம்' என்பது பலர் செய்யும் பிழை. 31இல் போட்டு 1இலும் போட்டால் அடுத்தடுத்த நாளாகிவிடும். கலண்டரில் போடும் நாளுக்கு முன்கூட்டியே வட்டம் போட்டு, விழுங்கியதும் வெட்டிவிடுங்கள்.

இப்படி மெதுவாக ஏற்றுவது தோலுக்காகத்தான். முதல் எட்டுக் கிழமைக்குள் தடிப்பு வந்தால், அதிலும் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்தால், அடுத்த லாமோட்ரிஜினைப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வெயிலில் வந்த வேர்க்குரு என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். ஆனால் வல்புரோயேட்டை நிறுத்தவேண்டாம். தலைசுற்று, இரட்டைப் பார்வை, கைநடுக்கம் வந்தாலும் சொல்லுங்கள், அளவு கூடியிருக்கலாம்.

பிறகு வல்புரோயேட்டைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தடை விலகியதும் அதே லாமோட்ரிஜினின் இரத்த அளவு பாதியாகும். டொக்டர் அளவைக் கூட்டுவது அதற்காகத்தான். நோய் முற்றிவிட்டதென்று பயப்படத் தேவையில்லை.

லாமோட்ரிஜின் ஐந்து நாளுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவுக்குத் தாவாதீர்கள். டொக்டரைக் கேளுங்கள், மறுபடி அடியிலிருந்து தொடங்கவேண்டி வரலாம்.

மாற்றம் முடியும்வரை தனியே வள்ளத்தில் போகாதீர்கள், கிணற்றுக்கட்டில் நின்று தண்ணீர் அள்ளாதீர்கள், மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். நிலாவெளிக் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் துணையில்லாமல் குளிக்கக்கூடாது.

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.